கேட்டு வாங்குங்கள்: தைத்த முட்டியும் குளிர்காலமும்

குளிர் வந்ததும் முட்டிக் கடிதங்களும் வந்துவிட்டன. என் வலது முட்டியிலும் ஜவ்வு தைத்த தழும்பு ஒன்று இருப்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். எனவே இந்த முறை வேறு எதற்கும் இடமில்லை. கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: மூட்டு மாற்றி எட்டு மாதம் ஆகிறது. நடுவில் வட்டத் துளை உள்ள நீ கேப் (முட்டி உறை) வாங்கினேன். நாள் முழுக்கப் போட்டிருந்தும் முட்டிச்சில்லு ஜில்லென்றே இருக்கிறது. போலிச் சரக்கா?

பதில்: சரக்கு அசல்தான், ஓட்டைதான் பிரச்சினை. சில்லு ஒரு பக்கம் இழுபடாமலும் அதன்மேல் அழுத்தம் விழாமலும் இருப்பதற்காக வைத்த துளை அது; குளிருக்காக வைத்ததல்ல. முட்டியின் முன்பக்கம் தோலுக்கும் எலும்புக்கும் நடுவே சதையோ கொழுப்போ சொல்லிக்கொள்ளும்படி இல்லை. முதலில் குளிர்கிற இடம் அது. அதைத் திறந்துவைத்து மற்றதையெல்லாம் மூடியிருக்கிறீர்கள். துளையில்லாததாக வாங்குங்கள்.

கேள்வி: நியோப்ரீனா, கம்பளியா? கடைக்காரர் நியோப்ரீன்தான் சூடு என்கிறார்.

பதில்: சூடுதான், மறுக்கவில்லை. அந்த ரப்பருக்குள் மூடிய சிறு குமிழிகள் இருக்கின்றன. அவற்றில் அடைபட்ட வாயு உடம்புச் சூட்டை வெளியே விடாது. வியர்வையையும் விடாது. ஒரு மணி நேரம் நடந்துவிட்டுக் கழற்றினால் முட்டி நனைந்திருக்கும். ஈரத் தோலில் காற்றுப் பட்டால் முன்னைவிட அதிகமாகக் குளிரும். ரப்பரைப் பதப்படுத்தச் சேர்க்கும் வேதிப்பொருள்கள் சிலருக்கு அரிப்பும் தடிப்பும் தரும். அரை மணி நேர நடைக்கு நியோப்ரீன் போதும். நாள் முழுக்க உட்கார்ந்து வேலை செய்பவருக்குக் கம்பளியே மேல். தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை ஈரத்தை வாங்கிக்கொண்டும் கம்பளி தொட்டால் ஈரமாகத் தெரியாது.

ஆனால் உள்பக்கம் திருப்பித் துணுக்குச் சீட்டைப் படித்துவிட்டு வாங்குங்கள். நான் படிக்காமல் வாங்கியதன் அட்டையில் கொட்டை எழுத்தில் ‘கம்பளி உணர்வு’ என்று இருந்தது. உள்ளே தைத்திருந்த சீட்டில் 100 சதவீதம் அக்ரிலிக், அதாவது செயற்கை நூல். உணர்வு மட்டும் கம்பளியாம்.

கேள்வி: செம்பு இழை கலந்த நீ கேப் மூட்டு வலியைப் போக்குமா?

பதில்: செம்பு மின்கம்பிக்கு அருமையான பொருள். இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செம்புக் காப்பை மூட்டுவலிக்காரர்களுக்குப் போட்டுப் பார்த்தார்கள், பலன் தெரியவில்லை. அந்த உறை இதமாக இருந்தால் புகழ் துணிக்குச் சேர வேண்டும்.

கேள்வி: சட்டை எம் அளவு என்பதால் நீ கேப்பும் எம் வாங்கினேன். இரண்டு மணி நேரத்தில் முட்டிக்குப் பின்னால் பள்ளம் விழுகிறது, கெண்டைக்கால் கனக்கிறது. இறுக்கம்தானே சூடு தரும் என்று பொறுத்துக்கொள்கிறேன்…

பதில்: பொறுத்துக்கொள்ளாதீர்கள், கழற்றுங்கள். சட்டை அளவை வைத்துச் செருப்பு வாங்குவீர்களா?

வெதுவெதுப்பு ஒரு வேலை, இறுக்கம் வேறொரு வேலை. இரண்டையும் ஒரே அட்டையில் எழுதி விற்பவர்களால் வந்த குழப்பம் இது. துணிக்குள் அசையாமல் நிற்கும் காற்றுதான் சூட்டைக் காக்கிறது. இழுத்துப் பிடித்த துணியில் அந்தக் காற்றுக்கே இடமில்லை. நூல் நாடா எடுத்து, சில்லின் நடுவிலும், அளவுப் பட்டியல் சொல்லும் தூரத்தில் தொடையிலும் கெண்டைக்காலிலும் சுற்றளவு பாருங்கள். அறுவை நடந்த கால் மாலையில் சற்று வீங்குவது சகஜம் என்பதால் மாலையில் அளப்பதே சரி. இரு அளவுகளுக்கு நடுவே விழுந்தால் பெரியதை எடுங்கள். வீக்கத்துக்காக இறுக்கம் வேண்டுமென்றால் எவ்வளவு என்று மருத்துவரோ பிசியோதெரபிஸ்ட்டோ சொல்லட்டும்.

ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால், உறையைக் கழற்றியும் குறையாவிட்டால், எனக்குக் கடிதம் எழுதாதீர்கள். அன்றே மருத்துவரிடம் போங்கள். கால் அறுவைக்குப் பின் ரத்தம் உறைந்து அடைப்பது உண்மையான ஆபத்து.

கேள்வி: அம்மாவுக்கு மூட்டு மாற்றி ஓராண்டு. பேட்டரியில் சூடாகும் முட்டிப் பட்டை வாங்கிக் கொடுத்தேன். கட்டியபடியே தூங்கிவிட்டார். காலையில் தழும்புக்கு வெளிப்பக்கம் இரண்டு கொப்புளங்கள். அவருக்கு வலிக்கவே இல்லையாம். விற்றவர், ‘பயன்படுத்தத் தெரியவில்லை’ என்று கையை விரிக்கிறார்.

பதில்: தவறு அம்மாவுடையதல்ல, உங்களுடையதும் அல்ல. இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும்.

முட்டியைத் திறக்கும்போது, முன்பக்கத் தோலுக்கு உணர்வு தரும் மெல்லிய நரம்புக் கிளை பெரும்பாலும் வெட்டுப்படும். அதனால் தழும்பின் வெளிப்பக்கம் ஒரு திட்டு மரத்துப்போகிறது. சிலருக்கு மாதக்கணக்கில், சிலருக்கு நிரந்தரமாக. எனக்கும் உள்ளங்கை அகலத்துக்கு அப்படி ஓர் இடம் உண்டு. கொசு கடித்தாலும் பார்த்தால்தான் தெரியும். சுட்டால் மட்டும் எப்படித் தெரியும்?

அடுத்தது நேரம். மோரிட்ஸ், ஹென்ரிக்ஸ் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1947-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 44 டிகிரி செல்சியஸ் சூடுகூட ஆறு மணி நேரம் தொடர்ந்து பட்டால் தோலைப் பொசுக்கும். அங்கிருந்து 51 டிகிரி வரை ஒவ்வொரு டிகிரிக்கும் அந்த நேரம் ஏறக்குறையப் பாதியாகிறது. கையால் தொட்டால் ‘இதமாக இருக்கிறதே’ என்று தோன்றும் சூடு, ஓர் இரவுத் தூக்கத்தில் கொப்புளமாகும்.

இவ்வளவு தெரிந்த பிறகும் இந்தப் பட்டைகளை எப்படி விற்கிறார்கள்? நீலம், பச்சை, சிவப்பு என்று மூன்று விளக்கு. சிவப்பு என்றால் எத்தனை டிகிரி? அட்டையில் இல்லை, கையேட்டில் இல்லை. நானும் ஒன்று வாங்கினேன். மடித்த துண்டுக்குள் சுருட்டி, நடுவில் வெப்பமானியைச் செருகிச் சிவப்பில் வைத்தேன். இருபது நிமிடத்தில் 53 டிகிரி. அதற்குள் மூன்று வாரம் கட்டியாகிவிட்டது. முட்டியின் மேல் வலை விரித்ததுபோலப் பழுப்புக் கோடுகள் படிந்திருந்தன. சுடாத சூடு திரும்பத் திரும்பப் பட்டால் அப்படி ஆகும் என்றார் தோல் மருத்துவர். பிஸ்கட் பொட்டலத்தில்கூட எடை போட்டிருக்கிறது. உடம்பில் கட்டும் அடுப்பில் டிகிரி போடக் கூடாதா?

இப்போது உங்கள் வழக்கு. பட்டையைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள், அதுதான் சாட்சி. பெட்டி, கையேடு, ரசீது எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். கொப்புளத்தை மருத்துவரிடம் காட்டி, எதனால் வந்தது என்பதையும் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். கையேட்டில் மூன்றைத் தேடுங்கள்: வெப்பநிலை எவ்வளவு, தானாக அணைகிறதா, மரத்துப்போன தோலில் கட்டக் கூடாது என்ற எச்சரிக்கை இருக்கிறதா. எது இல்லையோ அதைப் பிடித்துக்கொண்டு விற்றவருக்கு எழுத்தில் அனுப்புங்கள்; தொலைபேசியில் பேசிய பேச்சு காற்றோடு போகும். அதற்கும் அசையாவிட்டால் நுகர்வோர் குறைதீர் அமைப்புக்குப் போங்கள்.

கேள்வி: அறுவை முடிந்து ஐந்து வாரம். முட்டி தானாகவே கதகதவென்று இருக்கிறது. அதற்கு மேலும் சூட்டுறை வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். ஆறுகிற முட்டி மாதக்கணக்கில் சூடாகவே இருக்கும். இந்தக் கட்டத்தில் பெரும்பாலும் பனிக்கட்டி ஒத்தடம்தான் சொல்வார்கள். சிவப்பு பரவினாலோ, தையலில் நீர் கசிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ அறுவை செய்தவரிடம் உடனே காட்டுங்கள்.

கேள்வி: வெந்நீர்ப் பை பழையது, ஆனால் ஓட்டையில்லை. பயன்படுத்தலாமா?

பதில்: பல பைகளில் கழுத்தருகே பூப்போல ஒரு முத்திரை இருக்கும். நடுவில் தயாரித்த ஆண்டு, இதழ்கள் மாதங்கள். இரண்டு ஆண்டு தாண்டியிருந்தால் தூக்கிப் போடுங்கள். ரப்பர் இற்றுப்போனதைக் கண் காட்டாது, பை வெடிக்கும்போதுதான் தெரியும்.

கேள்வி: மாற்றிய மூட்டில் உள்ள உலோகம் குளிரை இழுக்கிறது என்கிறார்கள். அதற்கென்று தனி உறை விற்கிறார்களே?

பதில்: விற்பார்கள். உலோகம் உங்கள் உடம்புக்குள், உடம்புச் சூட்டில் இருக்கிறது.

கேள்வி: மூன்று உறை வாங்கி மூன்றும் சரியில்லை. இனிச் செலவு செய்ய மனமில்லை.

பதில்: என் இழுப்பறையில் ஐந்து கிடக்கின்றன. குளிரில் நான் அணிவது முழுநீளக் கம்பளி உள்கால்சட்டை. முட்டிக்கு வரும் ரத்தம் தொடை வழியாகத்தான் வருகிறது. தொடை குளிர்ந்தால் முட்டியை மட்டும் பொத்தி என்ன பயன்? அதற்கு மேல் கூடுதலாக வேண்டுமானால் பழைய கம்பளி ஸ்வெட்டரின் கையை வெட்டி முட்டியில் மாட்டிக்கொள்கிறேன். முழங்கை பக்கத்து அகலம் தொடைக்கு, மணிக்கட்டு பக்கம் கீழே. பட்டையும் இல்லை, வெல்க்ரோவும் இல்லை. வெட்டுவதற்கு முன் அது யாருடைய ஸ்வெட்டர் என்று வீட்டில் கேட்டுக்கொள்ளுங்கள். நான் கேட்கவில்லை.