ஐந்தாம் சிம்பொனியின் வேகம் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் கப்பலூரில் ஒரு பட்டறையில் இரவு ஷிப்ட் பார்க்கிறேன். சின்ன வயதில் நான்கு வருடம் மிருதங்கம் படித்தேன், விட்டுப்போயிற்று. 2025 மார்ச்சில் லண்டனில் இளையராஜாவின் சிம்பொனி அரங்கேறிய செய்தியைப் படித்தபின் மேற்கத்திய செவ்வியல் இசை கேட்கத் தொடங்கினேன். பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியிலேயே நின்றுவிட்டேன். நான் கேட்பது கார்லோஸ் கிளைபர் 1974இல் வியன்னாவில் நடத்திய பதிவு. ஓட்டோ கிளெம்பரர் நடத்தியதுதான் உண்மையான பீத்தோவன் என்கிறார் என் நண்பர். அதை ஒரு நிமிடத்துக்கு மேல் கேட்க முடியாமல் அணைத்துவிட்டேன். நிமிடத்துக்கு 108 தட்டு என்று பீத்தோவனே எழுதிவைத்திருக்கும்போது இதில் சண்டை போட என்ன இருக்கிறது? முதல் பகுதி யாருக்கு எத்தனை நிமிடம் என்று ஒரு பட்டியலே போட்டுவைத்திருக்கிறேன். நம் சங்கீதத்தில் இந்த வம்பே இல்லையே? நல்ல ஹெட்போன் ஒன்றும் சொல்லுங்கள்.

செ., திருமங்கலம்

அன்புள்ள செ.,

மிருதங்கம் விட்டுப்போயிற்று என்று எழுதியிருக்கிறீர்கள். நான்கு வருடம் பாடம் பண்ணிய கை எங்கேயும் போய்விடாது. இந்தப் பதிலையே அந்தக் கையை நம்பித்தான் எழுதுகிறேன். ஹெட்போன் எதுவானாலும் சரி.

முதலில் அந்தப் பட்டியலைக் கிழித்துப் போடுங்கள். பதிவின் நீளத்தைப் பார்த்து வேகத்தை முடிவுகட்டும் பழக்கம் எல்லா இடத்திலும் இருக்கிறது. ஒரு கூட்டல், ஒரு வகுத்தல் போட்டால் தெரிந்துவிடும் பிழை என்பதால் பார்க்கும்போதெல்லாம் கோபம் வருகிறது. ஐந்தாம் சிம்பொனியின் முதல் பகுதியில் 502 பார் இருக்கிறது. (இசைக்குறிப்பில் ஒரு நெடுக்குக் கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு பார். இங்கே ஒரு தட்டு என்பது ஒரு பார், ஆகவே பீத்தோவனின் 108 என்பது நிமிடத்துக்கு 108 பார்.) அதில் முதல் 124 பாரைத் திரும்ப வாசிக்கும்படி பீத்தோவன் குறி போட்டிருக்கிறார். குறியை மதித்தால் மொத்தம் 626. மதிக்காமல் போனவர்களும் உண்டு, அதுவும் பழைய பதிவுகளில் நிறைய. இப்போது கணக்குப் போடுங்கள். திரும்ப வாசித்து ஏழரை நிமிடத்தில் முடிப்பவர் நிமிடத்துக்குச் சுமார் 83 பார் போகிறார். திரும்ப வாசிக்காமல் ஆறரை நிமிடத்தில் முடிப்பவர் 77தான் போகிறார். உங்கள் பட்டியலில் ஆறரை நிமிடக்காரர் வேகக்காரர், காதுக்கோ அவர்தான் மெதுவானவர்!

இதோடு முடியவில்லை. நடுநடுவே ஃபெர்மாட்டா என்ற நிறுத்தக்குறி வருகிறது. அந்தச் சுரத்தை எத்தனை நேரம் பிடிப்பது என்பது ஆர்க்கெஸ்ட்ராவை நடத்தும் கண்டக்டரின் இஷ்டம். அந்த விநாடிகளும் நீளத்தில் சேர்ந்துகொள்ளும். 108ஐ இம்மி பிசகாமல் வைத்து, எங்கும் நிற்காமல், திரும்பவும் வாசித்தால் 5 நிமிடம் 48 விநாடி ஆகும். அப்படி ஒரு பதிவைத் தேடி அலைய வேண்டாம். நிற்கச் சொன்னவரும் பீத்தோவன்தானே.

அளந்துதான் ஆக வேண்டும் என்றால் இப்படி அளங்கள். தொடக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த அந்த நாலு சுரம் இரண்டு தடவை வரும். பிறகு சன்னமான ஓட்டம். அது ஒரு வயலின் சுரத்தில் தொங்கி நிற்கும். உடனே முழு ஆர்க்கெஸ்ட்ராவும் நாலு சுரத்தை அடித்து நிறுத்தும். அந்த நிறுத்தம் விட்டதும் வருவது 25ஆம் பார். அங்கே ஸ்டாப்வாட்சைத் தட்டுங்கள். ஹார்ன் என்ற பித்தளை ஊதுகருவி உரக்கக் கூப்பிடும் இடம் 59ஆம் பார், அங்கே நிறுத்துங்கள். நடுவில் 34 பார், ஒரு ஃபெர்மாட்டாவும் கிடையாது. 19 விநாடி வந்தால் 108ஐத் தொட்டுவிட்டார்கள். 24 விநாடி வந்தால் 85. ஹார்னைத் தாண்டி அளக்காதீர்கள். வயலின் இரண்டாவது மெட்டை இழைய எடுக்கும் அந்த இடத்தில் பழைய தலைமுறைக் கண்டக்டர்கள் பலர் சற்றே இழுத்துப் பிடிப்பார்கள்.

இனி உங்கள் கையை மேஜைமேல் வையுங்கள். ஒரு பாருக்கு ஒரு தட்டு, ஒரு தட்டுக்கு ஒரு ‘தகதிமி’. அந்த நாலு சுரம் தட்டில் தொடங்குவதில்லை. தட்டு விழும் இடத்தில் மௌனம். ‘த’வை விழுங்கிவிட்டு ‘கதிமி’ மூன்றும் ஒரே சுரத்தில், அடுத்த தட்டில் ‘தா’. கால் அட்சரம் தள்ளி எடுப்பு. இசைக்குறிப்பில் அந்த ‘த’வின் இடத்தில் ஓர் ஓய்வுக்குறி இருக்கிறது. யாருமே வாசிக்காத அந்த ‘த’வுக்குத்தான் கண்டக்டர் கோலை இறக்குகிறார். அவர் அதைத் தெளிவாகக் காட்டவில்லை என்றால் வாசிப்பவர்கள் தட்டிலேயே எடுத்துவிடுவார்கள். ‘கதிமி தா’ போய் ‘தகிட தா’ ஆகிவிடும். நாலின் கணக்கான சதுஸ்ரம் மூன்றின் கணக்கான திஸ்ரமாகிவிடும். தேர்ந்த ஆர்க்கெஸ்ட்ராக்களும் வழுக்கும் இடம் இது. உங்களிடம் உள்ள பதிவை எடுத்து அந்த நாலு சுரத்தை மட்டும் பத்துத் தடவை கேளுங்கள். மிருதங்கக் கைக்கு இது சொல்லாமலே பிடிபடும்.

108இல் போனால் ஒரு சுரத்துக்குக் கிடைப்பது சுமார் 0.14 விநாடி. 6ஆம் பாரிலிருந்து இரண்டாம் வயலின் எடுக்க, வயலினைவிடச் சற்றே பெரிய வயோலா வாங்க, முதல் வயலின் அதனிடமிருந்து வாங்க என்று ‘கதிமி தா’ கைமாறிக்கொண்டே போகிறது. ஒவ்வொரு கூட்டமும் தன் ‘த’வைத் தானே விழுங்கித்தான் நுழைய வேண்டும். ஐம்பது அறுபது பேர் எஃகுத் தந்தியில் இதைச் செய்யும்போது நெரிசல் வருகிறது, நாலும் கலந்து ஒரு உறுமலாகிவிடுகிறது. ரோஜர் நாரிங்டன், ஜான் எலியட் கார்டினர் போன்ற கண்டக்டர்கள் ஆட்களைக் குறைத்து, அந்தக் காலத்து நரம்புத் தந்தியை மாட்டி, அந்தக் காலத்து வில்லைக் கொடுத்து வாசிக்க வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

மெதுவாகப் போனால் எல்லாம் கேட்கும் என்றும் நினைத்துவிடாதீர்கள். அப்போது வேறொன்று தொலையும். இந்தப் பகுதியில் பார் என்பது ஓர் அட்சரம் மட்டும்தான். பெரும்பாலும் நாலு பார் சேர்ந்தால்தான் ஒரு ஆவர்த்தனம், அதாவது தாளத்தின் ஒரு முழுச் சுற்று. பீத்தோவன் இப்படி நினைத்தவர் என்பதற்குக் கையெழுத்தே உண்டு. ஒன்பதாம் சிம்பொனியின் இரண்டாம் பகுதியில் ஓரிடத்தில் ‘மூன்று பார் தாளம்’ என்றே எழுதிவைத்திருக்கிறார், பிறகு ‘நாலு பார் தாளம்’ என்று மாற்றுகிறார். ஐந்தாம் சிம்பொனியை மிக இழுத்தால் ஒவ்வொரு பாரும் தனித்தனித் தட்டாக விழும், ஆவர்த்தனம் உடையும். விழுங்கிய ‘த’வும் கேட்க வேண்டும், நாலு பார் ஆவர்த்தனமும் ஒரே மூச்சாகக் கேட்க வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடுக்கில்தான் கண்டக்டர் நிற்கிறார். ரசிகர்கள் பிரிவதும் இங்கேதான். ஒருவர் காது ‘த’வைத் தேடுகிறது, இன்னொருவர் காது ஆவர்த்தனத்தைத் தேடுகிறது.

அந்த இடுக்கின் அகலமும் எல்லா ஊரிலும் ஒன்றில்லை. வியன்னாவின் மூஸிக்ஃபெரைன் அரங்கில் ஓர் ஒலி அடங்கச் சுமார் 2 விநாடி ஆகிறது. 108இல் அதற்குள் பதினாலு சுரம் வந்துவிழும். ஆடி வீதியின் திறந்தவெளியில் தெறித்துக் கேட்கும் தவில் சொற்கள் கல் மண்டபத்துக்குள் வந்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதை மதுரையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. திருமலை நாயக்கர் மகாலில் தூண்களுக்கு நடுவே நின்று ஒரு தரம் கைதட்டிப் பாருங்கள். அங்கே நிமிடத்துக்கு 108 ஓடினால் என்ன மிஞ்சும்? வேகம் அரங்கைப் பொறுத்தது என்று கண்டக்டர் செர்ஜியு செலிபிடாக்கே கடைசிவரை அடித்துச் சொன்னார். ப்ரூக்னரின் எட்டாம் சிம்பொனியை மற்றவர்கள் எண்பது நிமிடத்தை ஒட்டி முடிக்க, முதுமையில் அவருக்கு நூறு நிமிடத்துக்கு மேல் ஆனது. எனக்கு அது அதிகம்தான், ஆனால் அவர் சொன்ன காரணம் சரி.

108 பொய் என்று நான் சொல்லவில்லை. ஐந்தாம் சிம்பொனி 1808 டிசம்பரில் அரங்கேறியது. அந்த எண் வெளிவந்தது 1817இல். அதற்குள் அவருக்குக் காது ஏறக்குறைய போய்விட்டிருந்தது. வேகத்தைத் தட்டிக் காட்டும் மெட்ரோனோம் கருவியில் கோளாறு, எடைக்கு மேலே பார்க்க வேண்டிய எண்ணைக் கீழே பார்த்துவிட்டார் என்றெல்லாம் வாதங்கள் உண்டு. அதற்குள் போக எனக்கு விருப்பமில்லை. மனசுக்குள் வாசித்துப் பார்த்து வைத்த எண் அது என்பதை மட்டும் யோசியுங்கள். மனசுக்குள் எதிரொலி கிடையாது.

நம் சங்கீதத்தில் இந்த வம்பே இல்லை என்று திருமங்கலத்தில் உட்கார்ந்துகொண்டு எழுதுகிறீர்கள். வருத்தமாக இருக்கிறது. மதுரை மணி ஐயரின் சர்வலகு ஸ்வரம் கேட்டிருக்கிறீர்களா? அந்த நடுத்தர வேகமான மத்தியம காலத்தில் ஊறியவர்களிடம் எம்.டி. ராமநாதனின் நிதானமான விளம்ப காலத்தைப் போட்டுக் காட்டிப் பாருங்கள், வம்பு எங்கே இருக்கிறது என்று தெரியும். நம்மிடம் எண் எழுதிவைக்கும் வழக்கம் இல்லை, அதனால் சண்டை ‘காலப்பிரமாணம் நிற்கவில்லை, ஓடிவிட்டது’ என்ற பேச்சில் நடக்கிறது. பழைய கிராமபோன் பிளேட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம்தான் என்பதால் கீர்த்தனைகளைச் சுருக்கி, விரட்டிப் பாட வேண்டியிருந்தது. அதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அதுதான் அந்தப் பாட்டின் வேகம். உங்களுக்கு முதலில் கிளைபர் கிடைத்தார், அதனால் கிளெம்பரர் ஊர்வதுபோல் இருக்கிறார். நண்பருக்கு நேர்மாறாக நடந்திருக்கலாம்.

ஒரு நிமிடத்தில் அணைத்தது மட்டும் அநியாயம், செ. கிளெம்பரர் முதல் வயலினை இடப்பக்கமும் இரண்டாம் வயலினை வலப்பக்கமும் உட்காரவைப்பவர். அந்தக் கைமாறல் ஒரு காதிலிருந்து மறு காதுக்குப் போவதை, அதுவும் அந்த நிதானத்தில், ஹெட்போன் வைத்திருப்பவர் விடலாமா? இன்றைக்கு ஷிப்ட் முடிந்ததும் முழுதாகப் போடுங்கள். மேஜையில் தட்டிக்கொண்டே போங்கள். பாதி தாண்டியதும் 268ஆம் பாரில் எல்லாக் கருவியும் விலக, ஓபோ என்ற ஊதுகருவி மட்டும் தாளத்தை விட்டு விருத்தம்போல ஒரு வரி வாசிக்கும். அங்கே உங்கள் கை நின்றதா, அல்லது தட்டிக்கொண்டே போனதா என்று எழுதுங்கள். பிறகு கிளைபரைப் போட்டு, அதே இடத்தில் பாருங்கள்.