மலையிறங்கி வருகிற தங்கச்சியைக் கேட்டீர்களா?

கேள்வி: எனக்கு 36 வயது. கம்பத்தில் ஒரு உரக்கடையில் கணக்கு எழுதுகிறேன். இங்கே வாங்குவதைப் போல இரண்டு மடங்கு சம்பளத்துக்குச் சென்னையில் வேலை கிடைத்திருக்கிறது. மனைவிக்கு விருப்பம்தான், மகளையும் நல்ல பள்ளியில் சேர்க்கலாம். அம்மா இல்லை. எங்களோடு இருக்கிற அப்பா ஊரை விட்டு வரமாட்டேன் என்கிறார். சர்க்கரையால் அவருக்குக் காலில் ஆறாத புண் இருக்கிறது. கட்டு மாற்ற தங்கச்சி வாரம் இரண்டு நாள் மலைமேல் கேரளாவில் இருக்கிற குமுளியிலிருந்து வந்துவிடுகிறாள், அதனால் ஒரு குறையும் இல்லை. பெற்ற தகப்பனை விட்டுவிட்டுப் போகிறான் என்று ஊர் பேசுமே என்பதுதான் உறுத்துகிறது. மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். போகலாமா?

- ஒரு வாசகர், கம்பம்

பதில்: தம்பி, இடம் கருதி உங்கள் கடிதத்தைச் சுருக்கிப் போட்டிருக்கிறேன். முழுக் கடிதத்தில் வாடகைக்கு ஒரு பக்கம், பள்ளிக்கூடத்துக்கு ஒரு பக்கம், ஊர் வாய்க்கு ஒன்றரைப் பக்கம். தங்கச்சிக்கு ஒரே ஒரு வரி. நான் அந்த ஒரு வரியைத் தாண்டிப் போக முடியாமல் நிற்கிறேன்.

நீங்கள் அப்பாவோடு ஒரே வீட்டில் இருக்கிறீர்கள். காலையில் எழுந்தால் அவர் கால் உங்கள் கண்ணில் படும். அந்தக் காலுக்குக் கட்டு மாற்ற ஒரு பெண் வேறு மாநிலத்திலிருந்து மலையிறங்கி வர வேண்டியிருக்கிறது, அதை நீங்கள் "ஒரு குறையும் இல்லை" என்று எழுதுகிறீர்கள். யாருக்குக் குறை இல்லை? உங்களுக்கு இல்லை, அது எனக்குப் புரிகிறது. மருமகள் ஏன் செய்யவில்லை என்று நான் கேட்கப் போவதில்லை, மகன் நீங்கள் இருக்கும்போது அந்தக் கேள்வியே தப்பு. நீங்கள் ஏன் செய்யவில்லை?

இன்னொன்றும் கேட்கிறேன். வாரம் இரண்டு நாள் மாற்றினால் போதும் என்று டாக்டர் சொன்னாரா, இல்லை தங்கச்சியால் வர முடிவது இரண்டு நாள்தானா? நடுவில் கட்டு நனைந்துவிட்டால் யார் பிரிக்கிறார்கள்? சர்க்கரைப் புண் பெரும்பாலும் வலிக்காது, அதுதான் அதில் பெரிய ஆபத்து. நரம்பு மரத்துப் போயிருக்கும், உள்ளே சீழ் வைத்தாலும் பெரியவருக்குத் தெரியாது, சுற்றிலும் சிவந்திருக்கிறதா, வீங்கியிருக்கிறதா, நாற்றம் வருகிறதா, கறுத்திருக்கிறதா என்று பக்கத்தில் இருக்கிறவர்தான் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். ஒட்டிப் போன துணியை வெடுக்கென்று இழுக்கக் கூடாது, சலைன் விட்டு நனைத்து, அது தானாக இளகுகிற வரை காத்திருந்து, ஓரத்திலிருந்து மெள்ளப் பிரிக்க வேண்டும். அந்த நேரத்தில் அப்பா முகத்தைத் திருப்பிக்கொள்வார். மகள் தன் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எந்தத் தகப்பனுக்கும் கூச்சமாகத்தான் இருக்கும். இதெல்லாம் உங்கள் கூடத்திலேயே வாரம் இரண்டு முறை நடக்கிறது, நீங்கள் அப்போது கடையில் இருக்கிறீர்கள்.

கடிதத்தில் வேறொரு இடத்தில், மாப்பிள்ளைக்கு நிரந்தர வேலை இல்லை, தங்கச்சியும் ஏலக்காட்டுக்குக் கூலிக்குப் போகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் கணக்கு எழுதுகிறவர், இதையும் கணக்குப் போடுங்கள். வாரத்தில் இரண்டு நாள் என்றால் மாதத்தில் எட்டு நாள் கூலி போச்சு. ஆடி ஆவணியிலிருந்து தை வரைக்கும் காய் எடுக்கிற காலம், அவர்கள் நாலு காசு பார்ப்பதே அப்போதுதான். பஸ் செலவு தனி. பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டு வருகிறாளா, தூக்கிக்கொண்டு வருகிறாளா என்றும் நீங்கள் சொல்லவில்லை, அதற்கு அந்த வீட்டில் என்ன பேச்சு வாங்குகிறாளோ. நம் பக்கத்தில் பெண்கள் பிறந்த வீட்டுக்குச் செய்வதைப் புகுந்த வீட்டில் கணக்குச் சொல்லி, பிறந்த வீட்டிலும் கணக்கில் வராமல், நடுவில் கிடந்து அல்லாடுவதை நான் இந்தப் பக்கத்துக்கு வருகிற கடிதங்களில் எத்தனையோ தடவை படித்துவிட்டேன். எழுதுவது பெரும்பாலும் தங்கச்சிகள்தான். முதல் தடவையாக அண்ணன் எழுதியிருக்கிறார், அவருக்கோ அவள் கஷ்டம் கண்ணிலேயே படவில்லை.

சரி, சென்னை. வேலைக்காக ஊரை விட்டுப் போவதில் எந்தப் பாவமும் கிடையாது. விடியுமுன்னே ஜீப்பில் ஏறிக் கேரளாவுக்குள் போய் வேலை செய்து பிழைக்கிற ஜனங்கள் இருக்கிற பள்ளத்தாக்கு அது, பிழைப்புக்கு நகர்வதை அங்கே யாரும் குற்றமாகப் பார்க்க மாட்டார்கள். ஊர் இரண்டு மாதம் பேசும், அப்புறம் அடுத்த வீட்டுக் கதைக்குப் போய்விடும். அந்த ஒன்றரைப் பக்கத்தை நான் விட்டுவிடுகிறேன்.

ஆனால் நீங்கள் போன பிறகு என்ன நடக்கும் என்று யோசித்தீர்களா? 500 கிலோமீட்டருக்கு அப்பால் நீங்கள். கம்பத்துக்கு ரயில் கிடையாது. போடியிலிருந்து சென்னைக்கு 2023 ஜூனில் விட்ட ரயில் வாரத்துக்கு மூன்று நாள்தான், மற்ற நாளில் ராத்திரி பஸ். இங்கே மொத்தப் பாரமும் லோயர் கேம்ப்பிலிருந்து குமுளிக்கு ஏறுகிற ஒரே மலைப்பாதையை நம்பி நிற்கும். அந்தப் பாதை எப்போதெல்லாம் அடைபட்டிருக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு அணைப் பிரச்சினையில் எல்லையில் பஸ் நின்றுபோனது. 2020இல் கொரோனா வந்தபோது பாஸ் இல்லாமல் இந்தப் பக்கத்து ஆள் அந்தப் பக்கம் போக முடியவில்லை, பத்து நிமிஷ நடைதூரத்தில் சொந்தக்காரர்கள் இருந்தும் பார்க்க முடியாமல் கிடந்தார்கள். பெருமழை வந்து மண் சரிந்தால் கம்பம்மெட்டுப் பக்கம் சுற்றிக்கொண்டு வர வேண்டும், அதுவும் மலைப்பாதைதான். ஒரு பெரியவரின் காலை இந்த ஒற்றைப் பாதையிலும் ஒற்றைப் பெண்ணிடமும் கட்டி வைத்துவிட்டு, அவளிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல், "ஏற்பாடு இருக்கிறது" என்று நினைத்துக்கொண்டு ரயிலேறப் பார்க்கிறீர்கள்.

"சொத்துப் பிரச்சினை எதுவும் வராது, தங்கச்சி எதையும் கேட்க மாட்டாள்" என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். இதைப் படித்ததும் எனக்குக் கோபமே வந்தது. அவள் கேட்க மாட்டாள் என்பதனால்தான் அவளுக்குச் சேர வேண்டியதை நீங்கள் கேட்காமலே கொடுக்க வேண்டும். அப்பா சம்பாதித்த வீட்டுக்கு அவர் உயில் எழுதாமல் போய்விட்டால் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு என்று 1956 இந்து வாரிசு உரிமைச் சட்டமே சொல்கிறது. பூர்வீகச் சொத்தாக இருந்தால் மகளுக்கும் பங்கு கொடுக்கிற திருத்தங்கள் தமிழ்நாட்டில் 1989லும் நாடு முழுக்க 2005லும் வந்திருக்கின்றன. நாளைக்கு, பங்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கிற விடுதலைப் பத்திரத்தை நீட்டி அவளிடம் கையெழுத்து வாங்குகிற நினைப்பு மனதில் எங்காவது இருந்தால் அதை இன்றைக்கே விட்டுவிடுங்கள். பெற்றவர்களைக் காப்பாற்றுகிற பொறுப்பிலும் 2007 மூத்த குடிமக்கள் சட்டம் மகன், மகள் என்று பிரிக்கவில்லை. மகளுக்கும் பொறுப்பு உண்டு, நான் மறுக்கவில்லை, இந்த வீட்டில் அவள் தன் பங்கைச் செய்துகொண்டுதான் இருக்கிறாள். பாக்கி உங்களுடையது.

முதலில் அப்பாவைத் தேனி பக்கத்து க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு நீங்களே லீவு போட்டுக் கூட்டிப் போங்கள். இத்தனை நாள் ஆறாத புண்ணுக்கு வெறும் கட்டு போதாது, காலுக்கு ரத்தம் ஒழுங்காகப் போகிறதா, எலும்பு வரை இறங்கிவிட்டதா என்று பார்த்தாக வேண்டும். செருப்பில்லாமல் வீட்டுக்குள்ளேகூட நடக்க விடாதீர்கள். சர்க்கரை மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிற மக்களைத் தேடி மருத்துவம் என்கிற அரசுத் திட்டம் 2021லிருந்து இருக்கிறது, அப்பா பெயர் அதில் இருக்கிறதா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். கட்டு மாற்ற நர்ஸிடம் கற்றுக்கொண்டு இந்த மாதம் முழுக்க நீங்களே மாற்றுங்கள். தங்கச்சிக்குப் போன் போட்டு, "நீ வர வேண்டாம்மா, நான் பார்த்துக்கிறேன், நீ வேலைக்குப் போ" என்று சொல்லுங்கள்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவி, மகளோடு குமுளிக்குப் போங்கள். கீழே வரச் சொல்லாதீர்கள், நீங்கள் மலையேறிப் போங்கள். மாப்பிள்ளையும் அவருடைய அம்மாவும் இருக்கும்போதே பேசுங்கள். காதுகுத்துக்கு மாலை போட்டு உட்காருகிற தாய்மாமன் நீங்கள், அந்த வீட்டில் இதைப் பேச உங்களுக்கு உரிமையும் இருக்கிறது, கடமையும் இருக்கிறது. சென்னை வேலையைப் பற்றி முழுசாகச் சொல்லுங்கள், சம்பளம் எவ்வளவு என்பதையும் மறைக்காதீர்கள். "நான் போனால் அப்பாவை உன்னால் பார்த்துக்கொள்ள முடியுமா, முடியாதென்றால் தயங்காமல் சொல்" என்று கேளுங்கள். அவள் உடனே "முடியும்ணா" என்பாள், இந்தப் பெண்கள் அப்படித்தான் சொல்வார்கள். அதை அப்படியே எடுத்துக்கொண்டு கிளம்பி வந்துவிடாதீர்கள், எட்டு நாள் கூலிக் கணக்கை நீங்களே எடுத்துப் பேசுங்கள்.

அவள் மனசார ஒத்துக்கொண்டால் போங்கள். கம்பத்திலேயே கட்டு மாற்றத் தெரிந்த ஒரு ஆளைச் சம்பளத்துக்கு வைத்துவிட்டு, தங்கச்சியின் கூலி நஷ்டத்தை மாதம் பிறந்ததும் அவள் கணக்கில் போட்டுவிட்டு, மாதம் ஒருமுறை தவறாமல் வந்து அந்தக் கட்டை உங்கள் கையால் பிரித்துப் பாருங்கள். இரண்டு மடங்குச் சம்பளத்தில் இதற்கு இடம் இல்லையென்றால் அந்தச் சம்பளம் உங்களுக்குப் போதாது, போக வேண்டாம்.

அவள் முடியாது என்றால், இல்லை தயக்கத்தை மாப்பிள்ளை முகத்தில் பார்த்தாலே, அப்பாவிடம் திரும்பப் பேசுங்கள். வரமாட்டேன் என்கிற பெரியவரிடம் ஒரு தடவை கேட்டுவிட்டு விட்டுவிட்டீர்களா, உட்கார்ந்து பேசினீர்களா என்று கடிதத்தில் இல்லை. புண் ஆறுகிற வரைக்கும் மூன்று மாதம் மட்டும் வாருங்கள் என்று கூப்பிட்டுப் பாருங்கள். அதற்கும் மறுத்தால் இந்த வேலையை விட்டுவிடுங்கள், கால் ஆறின பிறகு வேறு வேலை தேடலாம்.