வீடற்றோர் காப்பகத்திற்குச் செல்லும் முன்

கேள்வி: என் தந்தையின் நினைவு நாளன்று, பிள்ளைகளை அழைத்துக்கொண்டு எங்கள் பகுதியிலுள்ள வீடற்றோர் காப்பகத்திற்குச் சென்று உணவு வழங்க விரும்புகிறோம். எவற்றைக் கவனிக்க வேண்டும்?
– வாசகி, சென்னை

பதில்: நல்ல எண்ணம், சகோதரி. பெருநகரங்களில் ஒரு லட்சம் மக்களுக்கு ஒரு காப்பகம் வீதம், இரவும் பகலும் இயங்கும்படி அமைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் ஆணையிட்டது. சென்னை மாநகராட்சியின் காப்பகங்களைத் தொண்டு நிறுவனங்கள் நடத்துகின்றன. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி இல்லங்கள் இருப்பதால், முதலில் பொறுப்பாளரிடம் பேசிவிட்டுச் செல்லுங்கள்.

அமாவாசையன்றும் விசேஷ நாள்களிலும் ஒரே வேளைக்கு இரண்டு மூன்று இடங்களிலிருந்து சாப்பாடு வந்து குவிந்து வீணாவதும், சாதாரண நாளில் காய்கறிக்கே கையைப் பிசைவதும் பல இல்லங்களில் நடப்பதுதான் என்பதால், அன்றைய தேவை என்னவென்று கேட்டுக்கொள்வது அவசியம். பெரும்பாலும் புதிய உள்ளாடை, லுங்கி, நைட்டி, சோப்பு, செருப்பு ஆகியவையே தேவைப்படும். கிழிந்த பழந்துணிகளைத் தயவுசெய்து கொண்டுபோக வேண்டாம்.

அங்கே தங்குவோரில் பலர் பகலில் சுமை தூக்கவும் கட்டட வேலைக்கும் போய்விடுவதால் மாலையே ஏற்ற நேரம். ஆதார் அட்டையைப் பிளாஸ்டிக் உறையில் பொதிந்து சட்டைப்பையிலேயே வைத்திருக்கும் முதியவர்களைக் காண்பீர்கள். அது தொலைந்தால் உதவித்தொகைக்கு அலைய வேண்டியிருக்கும் என்ற அச்சம் அவர்களுக்கு. வீட்டை விட்டு ஏன் வந்தீர்கள் என்று கேட்கக் கூடாதெனப் பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவையுங்கள். புகைப்படம் எடுக்கவே வேண்டாம். உறவினர் கண்ணில் படாமல் வாழ்பவர்களும் அங்கே இருக்கலாம்.

உணவுதான் என்று முடிவானால், ஒரு வேளைக்குரிய தொகையைச் செலுத்தி ரசீது பெற்றுக்கொண்டு, அன்று நீங்களும் அவர்களோடு ஒரே பந்தியில் அமர்ந்து சாப்பிடுங்கள்.