பத்து வாட்ச்: எஸ். இசட். சக்கால்

கேள்வி: பழைய ஹாலிவுட் படங்களில், கதாநாயகனைவிட உங்கள் மனதில் நின்றுபோன துணை நடிகர் யாராவது உண்டா?

உண்டு. எஸ். இசட். சக்கால். பெயரைச் சொன்னால் பலருக்குத் தெரியாது. 'காசாபிளாங்கா' படத்தில் வருகிற குண்டுக் கன்ன சர்வர் என்றால், படம் பார்த்தவர்கள் "அட, அவரா!" என்பார்கள்.

அவர் எனக்குப் பிடித்துப்போன கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். வேலைக்காக ஜெர்மனி போக வேண்டியிருந்தது. அதற்கு முன் சென்னையில் ஆறு மாதம் மாலை வகுப்பில் ஜெர்மன் படித்தேன். அன்றைக்கு மணி சொல்லிப் பழகும் பாடம். கடிகாரத்துக்கும் மணிக்கும் ஜெர்மனில் ஒரே சொல்தான். உச்சரிப்பு ஏறக்குறைய நம் 'ஊர்'. பத்து மணி என்றால் 'ட்ஸேன் ஊர்'. பின்வரிசையிலிருந்து ஒருவர் "பத்து ஊர் தண்ணி குடிச்சவன்னு சொல்ற மாதிரியே இருக்கே" என்று முணுமுணுக்க, அன்றைய பாடம் அத்தோடு சரி. அந்த ஞாயிற்றுக்கிழமைதான் 'காசாபிளாங்கா'வை இரண்டாவது தடவை பார்த்தேன். முதல் தடவை சிரிக்காமல் தாண்டிப்போன ஒரு காட்சி, இந்தத் தடவை வயிற்றைப் பிடித்துக்கொள்ள வைத்தது.

கதை நடப்பது 1941 டிசம்பர். நாஜிகளிடமிருந்து தப்பி வந்தவர்கள் அமெரிக்கா போக வழி தேடி மொராக்கோவின் காசாபிளாங்காவில் காத்துக் கிடக்கிறார்கள். ரிக் என்ற அமெரிக்கன் அங்கே மதுக்கூடம் நடத்துகிறான். அங்கே தலைமை சர்வர் கார்ல், அதாவது நம் சக்கால். மறுநாள் அமெரிக்கா கிளம்பும் வயதான தம்பதி, எங்களோடு உட்கார்ந்து ஒரு பிராந்தி சாப்பிடு என்று கார்லைக் கூப்பிடுகிறார்கள். கூப்பிடுவீர்கள் என்று தெரிந்துதான் நல்ல சரக்காகக் கொண்டுவந்தேன் என்று சொல்லி, மூன்றாவது கோப்பையையும் எடுத்து வைக்கிறார் கார்ல். இப்போதெல்லாம் வீட்டில் ஆங்கிலம் மட்டும்தான் பேசுகிறோம் என்று தம்பதிக்கு ஒரே பெருமை. உடனே ஒரு மாதிரியும் காட்டுகிறார்கள். கணவர் மணி கேட்கிறார்: "வாட் வாட்ச்?" மனைவி: "டென் வாட்ச்." கணவர் அசந்துபோய்: "சச் மச்?" அதாவது, இவ்வளவு நேரமாகிவிட்டதா?

ஜெர்மனை அப்படியே சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாக மாற்றியிருக்கிறார்கள். எங்கள் வகுப்பு 'பத்து ஊர்' கதையேதான், திசை மட்டும் மாறி. இதைக் கேட்ட கார்ல் முகத்தில் சிரிப்பு பொங்கி வரவேண்டும், ஆனால் வெளியே விழக்கூடாது. சக்கால் கன்னத்தை லேசாக அசைத்து, ஒரு 'ம்ம்' போட்டு, அமெரிக்காவில் நீங்கள் அமோகமாக இருப்பீர்கள் என்கிறார். அவ்வளவுதான் அவர் வேலை. அந்த 'ம்ம்' இல்லாவிட்டால் காட்சி கேலியாகப் போயிருக்கும்.

இந்தக் காட்சியில் இருக்கும் மூவருமே நிஜத்தில் ஹிட்லருக்குத் தப்பி வந்த நடிகர்கள். தம்பதியாக வரும் லுட்விக் ஸ்டோசலும் இல்கா க்ரூனிங்கும் ஜெர்மன் மேடைகளில் பெயர் எடுத்தவர்கள். சக்கால் அந்த நகைச்சுவையைச் சொந்த அனுபவத்தில் அறிந்தவர். ஹாலிவுட்டில் வந்து இறங்கும்போது அவருக்கு ஆங்கிலம் அவ்வளவாகத் தெரியாது. வயதோ ஐம்பதைத் தாண்டிவிட்டது.

ஆளின் பூர்வீகத்துக்கு வருவோம். 1883-இல் புடாபெஸ்ட்டில், யூதக் குடும்பத்தில் பிறந்தவர். பதின்வயதிலேயே மேடைக்குச் சிரிப்புத் துணுக்குகள் எழுத ஆரம்பித்துவிட்டார். வயது காட்டுவதற்காகத் தாடி வளர்த்தார். தாடி பொன்னிறம். அதையே புனைபெயராக வைத்துக்கொண்டார்: ஸோக்கே ஸகால், ஹங்கேரிய மொழியில் பொன்னிறத் தாடி என்று பொருள். அந்த மொழியில் 'ஸ' ஒலிக்கு ரோமன் எழுத்து இரண்டைச் சேர்த்து எழுதுவார்கள், எஸ்ஸும் இசட்டும். அவர்களுக்கு அது ஒரே எழுத்து. அமெரிக்காவில் அதைப் பிரித்து இரண்டு இனிஷியல் ஆக்கிவிட்டார்கள். எஸ். இசட். என்பதைப் பார்த்து அப்பா பெயர், தாத்தா பெயர் என்று நம் ஆட்கள் தேடினால் கிடைக்காது; பாதித் தாடிதான் கிடைக்கும்.

ஆக, அடிப்படையில் அவர் எழுத்துக்காரர். சொல்லைத் திருப்பிப் போட்டுச் சிரிக்க வைக்கிறவர். பிறகு மேடையேறி நடிகரானார். வியன்னா, அப்புறம் பெர்லின் என்று ஜெர்மன் மொழிக்கு மாறினார். பேசும்படம் வந்த புதிதில், 1930-இல், வால்ட்ஸ் நடன இசையை வைத்து வந்த ஒரு ஜெர்மன் படம் பெரிய வெற்றி. அதில் இவரும் இருந்தார். அந்தச் செல்வாக்கு மூன்று வருஷம்தான் நின்றது. 1933-இல் ஹிட்லர் வந்ததும் மூட்டை கட்டிக்கொண்டு ஹங்கேரிக்குத் திரும்பினார். அங்கேயும் நிலைமை மோசமாகி, மனைவியோடு அமெரிக்கா போனார். அங்கே முதல் படம் கொடுத்தவர் தயாரிப்பாளர் ஜோ பாஸ்டர்நாக், அவரும் ஹங்கேரிக்காரர்.

சொல்லை வைத்துப் பிழைத்தவனிடமிருந்து சொல்லைப் பிடுங்கிவிட்டால் என்ன செய்வான்? சக்கால் கன்னத்தை எடுத்துக்கொண்டார். ஏதாவது விபரீதம் என்றால் இரண்டு கையாலும் கன்னத்தில் அடித்துக்கொள்வார். நம் வீடுகளில் "ஐயையோ" என்று வாயில் கை வைப்பார்களே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. கன்னம் இரண்டும் கொழுக்கட்டை போலக் குலுங்கும். வசனம் தடுமாறினாலும் கவலை இல்லை, தடுமாற்றமே சிரிப்பு. 1941-இல் வந்த 'பால் ஆஃப் ஃபயர்' படத்தில் ஒரு பேராசிரியர் கூட்டம், அதில் ஒருவராக வருவார். வரி குறைவுதான். யார் பேசினாலும் இவர் முகம் கேட்டுக்கொண்டே இருக்கும். அந்தக் கேட்கும் முகம்தான் அவருடைய உண்மையான தொழில் என்பது என் எண்ணம்.

'காசாபிளாங்கா' படப்பிடிப்பு 1942 மே கடைசியில் பர்பாங்கில், வார்னர் ஸ்டுடியோவில் தொடங்கியது. கார்ல் வேடத்துக்குக் கேட்டபோது சக்கால் முதலில் மாட்டேன் என்றாராம். படப்பிடிப்பு ஆரம்பித்து மூன்று வாரம் ஆகியும் கார்ல் இல்லை. நான்கு வாரச் சம்பளம் கொடுத்தால் வருகிறேன் என்றார். பேரம் பேசி மூன்று வாரத்துக்கு முடித்தார்கள்: வாரம் 1,750 டாலர், மொத்தம் 5,250. படத்தில் பெரிய பெயர்களான பீட்டர் லோரேவையும் சிட்னி கிரீன்ஸ்ட்ரீட்டையும்விட இவர் திரையில் வரும் நேரம் அதிகம். இன்னொரு வேடிக்கை, நாஜி மேஜராக நடித்த கான்ராட் வைட்டுக்கு வாரம் 5,000 டாலர். அவரும் ஹிட்லரை வெறுத்து ஜெர்மனியை விட்டு வந்தவர். நாஜியிடமிருந்து ஓடி வந்தவருக்கு நாஜி வேடத்தில்தான் நல்ல காசு.

கார்லுக்குக் கிடைத்த வரிகள் கொஞ்சம், ஆனால் ஒவ்வொன்றும் நறுக்கு. ஒரு பணக்காரர், ரிக்கை எங்களோடு உட்காரச் சொல், நான் ஆம்ஸ்டர்டாமின் இரண்டாவது பெரிய வங்கியை நடத்தியவன் என்று பீற்றுகிறார். ஆம்ஸ்டர்டாமின் முதல் பெரிய வங்கிக்காரர் எங்கள் சமையலறையில் கேக் போடுகிறார் என்கிறார் கார்ல். அதோடு விட்டிருக்கலாம். நகர்ந்துகொண்டே, அவருடைய அப்பாதான் இங்கே எடுபிடிப் பையன் என்று சேர்த்துவிட்டுப் போகிறார். அகதி வாழ்க்கையைப் பற்றி ஒரு பக்கம் எழுதினாலும் இந்த இரண்டு வரி சொல்வதைச் சொல்ல முடியாது.

இன்னொரு இடம். மேஜருக்கு நல்ல மேசையாகப் பார்த்துக் கொடு என்கிறார் போலீஸ் அதிகாரி. ஏற்கெனவே இருப்பதிலேயே சிறந்ததைக் கொடுத்துவிட்டேன், ஜெர்மன்காரர், எப்படியும் எடுத்துக்கொள்ளத்தான் போகிறார் என்கிறார் கார்ல். பணிவு ஒரு மாற்றுக்கூடக் குறையாத குரல். சர்வர்களுக்கே உரிய பணிவு அது, குனிந்துகொண்டே குத்துவது. இதை அவர் பேசியது 1942 கோடையில். அவருடைய மூன்று சகோதரிகளும் உடன்பிறந்தவர் மகள் ஒருத்தியும், மனைவியின் உடன்பிறந்தவர்களும் நாஜி முகாம்களில் கொல்லப்பட்டார்கள். இதைத் தெரிந்துகொண்டு அந்தக் காட்சியைப் பார்த்தால் சிரிப்பு பாதியில் நின்றுவிடும். எனக்கு நின்றது.

வார்னர் நிறுவனம் அவரை வருஷக் கணக்கில் ஒப்பந்தத்தில் வைத்திருந்தது. அந்தக் கால ஸ்டுடியோ ஏற்பாட்டில் இதில் லாபமும் உண்டு, நஷ்டமும் உண்டு. வாரா வாரம் சம்பளம் வந்துவிடும். ஆனால் எந்தப் படம், எந்த வேடம் என்பதை ஸ்டுடியோ முடிவு செய்யும். ஒருவரை ஒரு அச்சில் வார்த்துவிட்டால் அந்த அச்சுதான். இவருக்கு வார்த்த அச்சு, பதறுகிற செல்ல மாமா. முதலாளி ஜாக் வார்னர் 'கடில்ஸ்' என்று பட்டப்பெயரும் வைத்தார். கன்னத்தைக் கிள்ளிக் கொஞ்சும் 'பட்டுக்குட்டி' மாதிரி ஒரு பெயர். பிற்காலப் படங்களில் டைட்டிலிலேயே அதைப் போட்டார்கள். சக்காலுக்கு அது பிடிக்கவே இல்லை. அறுபது வயசு மனுஷனைப் பட்டுக்குட்டி என்று போஸ்டரில் போட்டால் யாருக்குப் பிடிக்கும்?

உண்மையைச் சொன்னால் அந்த வார்னர் காலத்துப் படங்கள் பலவற்றை நான் பாதியில் ஓட்டிவிட்டுப் பார்த்திருக்கிறேன். பாடகி-நடிகை டோரிஸ் டேயின் முதல் படம் உட்பட அவரோடு நான்கு படம்; எல்லாவற்றிலும் அதே மாமா, அதே கன்னம். விதிவிலக்கு 1945-இல் வந்த 'கிறிஸ்மஸ் இன் கனெக்டிகட்'. பத்திரிகையில் சமையல் எழுதும் கதாநாயகிக்குச் சமைக்கவே தெரியாது. குறிப்புகளைக் கொடுப்பவர் ஹங்கேரி ஓட்டல்காரர் ஃபெலிக்ஸ் மாமா, அதாவது சக்கால். வேலைக்காரம்மா வைத்த அயர்லாந்து ஸ்டூவில் மிளகாய்ப்பொடியைப் போட்டு ஹங்கேரி கூலாஷ் ஆக்கிவிடுவார். இங்கே கன்னத்தோடு கையும் நடிக்கும். கரண்டி பிடிக்கிற விதத்தைப் பாருங்கள், சமைத்துப் பழகிய கை.

1949-இல் எம்ஜிஎம் ஸ்டுடியோ எடுத்த 'இன் தி குட் ஓல்ட் சம்மர்டைம்' இன்னொரு கூத்து. மூலக்கதை ஒரு ஹங்கேரிய நாடகம், புடாபெஸ்ட் கடை ஒன்றில் நடப்பது. அமெரிக்க ரசிகர்களுக்காகக் கடையை சிகாகோவுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். கடை முதலாளியாக மட்டும் அசல் புடாபெஸ்ட்காரரைப் போட்டார்கள். புடாபெஸ்ட்டை எடுத்துவிட்டு, அதன் உச்சரிப்பை மட்டும் வைத்துக்கொண்ட மாதிரி.

கடைசியில் எழுத்துக்காரர் தன் பதிலை எழுத்திலேயே கொடுத்தார். 1954-இல் வந்த தன்வரலாற்றுக்கு அவர் வைத்த துணைத் தலைப்பின் பொருள்: 'பேரரசர் ஃபிரான்ஸ் ஜோசப், அடால்ஃப் ஹிட்லர், வார்னர் சகோதரர்கள் ஆட்சியில் என் வாழ்க்கை'. சம்பளம் கொடுத்த முதலாளியை யாரோடு வரிசையில் உட்கார வைத்திருக்கிறார் பாருங்கள்! கார்ல் மேசை போட்ட அதே பணிவுதான்.

அதே வருஷம் வெளியான 'தி ஸ்டூடண்ட் பிரின்ஸ்' அவருடைய கடைசிப் படம். அதையும் தயாரித்தவர், அமெரிக்காவில் முதல் படம் கொடுத்த அதே பாஸ்டர்நாக். கதை நடப்பது ஜெர்மனியின் ஹைடல்பெர்க் பல்கலைக்கழக ஊரில். சக்காலுக்கு அங்கே மாணவர்கள் பீர் குடிக்கும் விடுதியின் முதலாளி வேடம். நடித்தது கலிஃபோர்னியாவில், பேசியது ஆங்கிலம். 1955 பிப்ரவரி 12, பிறந்தநாள் கழிந்து பத்தாம் நாள், மாரடைப்பில் காலமானார்.