கையிருப்பா, கைவிரிப்பா?

கேள்வி: மகனுக்காகக் கார் பார்க்கிறேன். ஒரு ஷோரூமில் ஹைப்ரிட் வண்டிக்கு எட்டு மாதம் வெயிட்டிங் என்று கையை விரிக்கிறார்கள். அதே ரோட்டில் இன்னொரு ஷோரூமிலிருந்து ‘கையிருப்பு இருக்கிறது, சாயங்காலமே எடுத்துப் போங்கள்’ என்று தினமும் போன். ஒரு பிராண்டுக்குத் தட்டுப்பாடு, இன்னொன்றுக்கு இல்லை. ஏன் இப்படி?
(செம்பூர் வாசகர்)

பதில்: கையிருப்பு என்றாலே கையில் இருப்பதுதான். அப்புறம் எதற்கு இன்னொரு ‘இருக்கிறது’? ‘கேட்டு வாசல்’ மாதிரி. இதற்காக எங்கள் புரூஃப் ரீடரோடு இருபது வருடமாகச் சண்டை போடுகிறேன். அவர் இன்னும் மசியவில்லை.

சரி, அது யார் கை? பன்வேல் பக்கம் ஏதோ ஒரு யார்டில் வெயில் காயும் அந்த வண்டியை, டீலருக்கு பில் போட்ட அன்றே விற்றதாகக் கம்பெனி கணக்கெழுதிவிட்டது. மாதம் பிறந்ததும் பேப்பரில் ‘விற்பனை’ என்று வரும் எண்கள் பெரும்பாலும் இந்த பில்கள்தான். டீலர் அதை பேங்க் கடனில் வாங்கி நிறுத்தியிருக்கிறார், வட்டி ஓடுகிறது. ஆகவே அது கையிருப்பு இல்லை, கடனிருப்பு. 21 நாள் விற்பனைக்கான சரக்கு போதும் என்பது டீலர்கள் கூட்டமைப்பான ஃபாடாவின் நெடுநாள் கோரிக்கை. 2024 அக்டோபர் தொடக்கத்தில் அவர்களே சொன்ன கணக்கு 80 முதல் 85 நாள்: 7.9 லட்சம் வண்டிகள், மதிப்பு 79,000 கோடி ரூபாய்.

மாட்டுங்காவில் நான் வழக்கமாகப் போகும் டிபன் கடையில் தோசை கேட்டால் கல்லில் தண்ணீர் தெளித்துத் துடைத்து, அப்புறம்தான் மாவை ஊற்றுவார்கள். யாரும் தோசையை முன்கூட்டியே சுட்டு அடுக்குவதில்லை. வடை அப்படியா? காலை ஆறு மணிக்கே இரண்டு ஈடு போட்டுக் கண்ணாடிப் பெட்டியில் கோபுரம் கட்டிவிடுவார்கள். பத்து மணி வரை அது வடை. பதினொன்றுக்குச் சாம்பார் வடை. மூன்று மணிக்கு மேல் தயிரில் குளித்து, காராபூந்தி, கேரட் துருவல், கொத்தமல்லி எல்லாம் அணிந்து மாப்பிள்ளைக் கோலத்தில் வந்து உட்காரும். இலவச இன்ஷூரன்ஸ், ஃப்ளோர் மேட், எக்ஸ்சேஞ்ச் போனஸ் என்று உங்களுக்கு தினமும் போன் வருகிறதே, அது தயிர் வடை.

இதை நான் கல்லாவில் சொல்லப்போக, கடைக்காரர் மூன்று நாள் எனக்கு இரண்டாம் தடவை சட்னி வைக்கவில்லை. நாலாம் நாள் அவரே வாயைத் திறந்தார்: “தோசைக்கு உட்கார்ந்திருப்பீங்க சார். வடைக்கு உட்காருவீங்களா? இல்லேன்னா எதிர்க்கடைக்குப் போயிடுவீங்க.” உங்கள் கேள்விக்கு இதைவிடச் சுருக்கமாக என்னால் பதில் சொல்ல முடியாது. எந்த வண்டிக்காக ஜனங்கள் காத்திருப்பார்களோ அதை ஆர்டர் பார்த்துச் செய்யலாம். இல்லையென்றால் மாதக் கடைசி டார்கெட்டுக்கு டீலர் தலையில் கட்டியாக வேண்டும். ஆலையைச் சும்மா போட முடியாதே.

விற்ற அளவுக்குத்தான் செய்வது என்பதை ஒரு வித்தையாகவே ஆக்கியது டொயோட்டா. அதன் சூத்திரதாரி தாயிச்சி ஓனோ. அலமாரியில் எடுத்த அளவுக்கே திரும்ப நிரப்பும் அமெரிக்க சூப்பர் மார்க்கெட்டுகள்தான் தனக்கு வழிகாட்டின என்று சொன்னவர். ஆனால் பெங்களூரு பக்கம் பிடதியில் இருக்கும் டொயோட்டா ஆலையில் வண்டி தாமதமானால் அதெல்லாம் ஓனோவின் தத்துவம் என்று கும்பிட்டுவிடாதீர்கள். 2023 ஏப்ரலில் இன்னோவா ஹைகிராஸின் உச்ச ரகங்களுக்குக் கொஞ்ச நாள் புக்கிங்கையே நிறுத்தினார்கள். காரணம் சப்ளைத் தகராறு. மற்ற ரகங்களுக்கு புக்கிங் அதுபாட்டுக்கு நடந்தது. ஆகவே பிராண்டைக் கேட்காதீர்கள், எந்த ரகம் என்று கேளுங்கள்.

தட்டுப்பாடு இருந்தால் தரம் என்றும் அர்த்தமில்லை. லைசென்ஸ் காலத்தில் பிரீமியர் பத்மினி கார் தயாரானது உங்கள் பக்கத்துக் குர்லாவில்தான். அங்கிருந்து செம்பூருக்கு ஒரு மணி நேரத்தில் நடந்தே வந்துவிடலாம், வண்டி வர வருடக்கணக்கு. பிரம்மச்சாரியாக புக் பண்ணியவர், பின்சீட்டுக்கு மூன்று பிள்ளைகளோடு போய்ச் சாவி வாங்கலாம். எத்தனை வண்டி செய்யலாம் என்பதை டெல்லி முடிவு செய்த காலம் அது. 1993-இல் அந்த லைசென்ஸ் ஒழிந்தது. ஆனால் க்யூ நீளமாக இருந்தால் பண்டம் நல்லது என்ற நம்பிக்கை மட்டும் நம் ஆட்களிடம் இன்னும் போகவில்லை.

டிசம்பர் ஆஃபரில் நானும் ஒரு தயிர் வடை வாங்கியிருக்கிறேன். கம்பெனி பெயர் வேண்டாம். மாலை, தேங்காய், சிவப்புத் துணி எல்லாம் தயார். துணியை விலக்கிச் சாவியைத் திருகினால் ‘டிக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். யார்டில் ஐந்து மாதம் நின்று பேட்டரி செத்திருந்தது. வைப்பருக்கு அடியில் காய்ந்த குல்மோஹர் இலை. தேங்காய் உடைத்த கையோடு நாலு பேர் தள்ளினார்கள். நீங்கள் சாயங்காலமே எடுப்பதானால் சேஸிஸ் எண்ணைக் காட்டித் தயாரிப்பு மாதம் கேளுங்கள். பழையது என்றால் தயங்காமல் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். வட்டி ஓடுவது அவருக்கு.

எட்டு மாதம் காத்திருப்பதானால், அதற்குள் உங்கள் சொசைட்டி செயலாளரைப் போய்ப் பாருங்கள். எங்கள் கட்டடத்தில் பார்க்கிங்குக்கு நான் இன்னும் வெயிட்டிங் லிஸ்டில் பதினொன்றாவது ஆள். செயலாளரிடம் கார் கிடையாது, ஆனால் இரண்டு பார்க்கிங்.