மானியத்தை நம்பி மெஷின் வாங்கலாமா?

கேள்வி: மார்த்தாண்டத்தில் டயர் கடை வைத்திருக்கிறேன். லாரி டயர் ரீட்ரேடிங் (தேய்ந்த டயருக்குப் புது ரப்பர் மேல்பட்டை ஒட்டுவது) யூனிட் போட 30 லட்சம் ஆகும். பழையதைப் புதுப்பிக்கும் தொழிலுக்கு அரசு மானியம் உண்டு என்கிறார்கள். ஒட்டிய டயரைச் சூட்டில் பதப்படுத்தும் சேம்பர் மெஷின் தெரிந்தவரிடம் விலைக்கு வந்திருக்கிறது. மனைவியின் நகையை அடகு வைத்து அதை வாங்கிவிட்டு மானியத்துக்கு விண்ணப்பிக்கலாமா? நான் பி.சி. வகுப்பு.

பதில்: மெஷினுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் (பி.எம்.இ.ஜி.பி.) விண்ணப்பம், வங்கி ஒப்புதல், கடன் என்ற வரிசையில்தான் மானியம் வரும். நீங்களாகவே முன்கூட்டி வாங்கிய மெஷினுக்குக் கிடைக்காது. நகை வட்டிதான் மிச்சம்.

ரீட்ரேடிங் தேசியத் தொழில் வகைப்பாட்டில் உற்பத்திப் பிரிவில் வருகிறது. உதயம் பதிவிலும் (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) திட்ட அறிக்கையிலும் அப்படியே காட்டுங்கள். பஞ்சர், டயர் ரிப்பேர் என்று எழுதினால் சேவைத் தொழிலாகிவிடும். உற்பத்திக்குத் திட்ட மதிப்பு வரம்பு 50 லட்சம், சேவைக்கு 20 லட்சம்தான்.

அடுத்தது இடம். பி.சி. என்பதால் நீங்கள் சிறப்புப் பிரிவு. கைப்பணம் 5 சதவீதம், அதாவது ஒன்றரை லட்சம் போதும். மானியம் நகர்ப்புறத்தில் 25 சதவீதம், கிராமப்புறத்தில் 35. மார்த்தாண்டம் குழித்துறை நகராட்சிக்குள் இருப்பதால் கடையை ஒட்டி ஷெட் போட்டால் ஏழரை லட்சம். கிராம ஊராட்சி எல்லைக்குள் போட்டால் பத்தரை லட்சம். மூன்று லட்சம் வித்தியாசம்! நம் மாவட்டத்தில் அடுத்தடுத்து பேரூராட்சிகள் என்பதால், வாடகை பேசும் முன் அந்த இடம் எதில் வருகிறது என்று எழுத்தில் வாங்குங்கள். நிலத்தின் விலையைத் திட்டச் செலவில் சேர்க்க முடியாது.

இந்தப் பணம் உங்கள் கைக்கு வராது. மூன்று ஆண்டு வங்கியிலேயே வைப்பாக இருந்து, பிறகு கடனில் கழியும். அதுவரை அதற்கு வட்டி கிடைக்காது. அந்த அளவு கடனுக்கு வட்டி வாங்கவும் மாட்டார்கள். புதிய யூனிட்டுக்கு மட்டும்தான், கணவன் மனைவி இருவரில் ஒருவருக்குத்தான். ஏற்கெனவே வேறு அரசு மானியம் வாங்கிய யூனிட்டைக் காட்ட முடியாது. 2025-26 வரைக்கான திட்டம் இது; நீட்டிப்பு நிலவரத்தை நாகர்கோவில் கோணத்தில் உள்ள மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள். மறுசுழற்சித் தொழில்களுக்கென்றே 2023 டிசம்பரில் வந்த ஸ்பைஸ் திட்டத்தையும் விசாரியுங்கள். பிளாஸ்டிக், ரப்பர், மின்னணுக் கழிவு ஆகிய துறைகளுக்கு, இயந்திரச் செலவில் 25 சதவீதம், அதிகபட்சம் 12.5 லட்சம். ஒரே மெஷினுக்கு இரண்டு மானியம் என்று கணக்குப் போடாதீர்கள்.

ரப்பர் விளையும் மாவட்டத்தில் தேய்ந்த டயர் எரிப்புக்குப் போகாமல் மறுபடி ஓடுவது எனக்கு மனதார வேண்டிய விஷயம். ஆனால் மானியமே வராது என்று வைத்துக் கணக்குப் பாருங்கள். இருபத்தெட்டரை லட்சம் கடன், 11 சதவீத வட்டி, ஏழு ஆண்டு என்றால் மாதத் தவணை சுமார் 49,000 ரூபாய். ரப்பர் விலை ஏறினால் டிரெட் (மேலே ஒட்டும் பட்டை) விலையும் ஏறும். நல்ல கேஸிங் (மேல்பட்டை மட்டும் தேய்ந்த பழைய டயர்) கிடைக்காவிட்டால் சேம்பர் சும்மா கிடக்கும். உங்கள் கடைக்கு வரும் லாரிக்காரர்களிடம் பேசிப் பாருங்கள். மாதம் எத்தனை கேஸிங் தருவார்கள், ஒன்றுக்கு என்ன கூலி கொடுப்பார்கள்? அந்த வரவு ரப்பர், கரன்ட், ஆள்கூலி போக 49,000-ஐத் தாங்கினால் வங்கிக்குப் போங்கள். தாங்காவிட்டால் சின்ன அளவில் திட்டம் போடுங்கள்.