கணைய அழற்சியில் சேரும் நீர் விதைப்பை வரை இறங்குமா?

கேள்வி: அப்பாவுக்குக் கணைய அழற்சி வந்து பத்து நாள் ஆகிறது. இப்போது இடது விதைப்பை வீங்கியிருக்கிறது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா?

இருக்கலாம். பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு ஸ்கேன் சென்டரில் சி.டி. எடுப்பது என் வேலை. காசிமேட்டில் ஐஸ் பெட்டி தூக்கும் ஒருவர் இதே வீக்கத்தோடு வந்தார். சீட்டில் ‘குடலிறக்கமா?’ என்று மட்டும் எழுதியிருந்தது. டேபிளில் படுக்க வைக்கும்போது அவர் மனைவி தயங்கித் தயங்கிக் கேட்டார்: “போன வாரம் கணையத்துல வீக்கம்னு அட்மிட் ஆயிருந்தாரு சார். அத சொல்லணுமா?”

நல்லவேளை, கேட்டார். ரேடியாலஜி டாக்டரிடம் ஓடினேன். நெஞ்சின் அடியிலிருந்து தொடை வரை சேர்த்து எடுக்கச் சொன்னார்.

சி.டி.யில் கொழுப்பு கறுப்பாகத் தெரியும், நீர் சாம்பலாகத் தெரியும். அந்தச் சாம்பல் பட்டை கணையத்தின் வால் பக்கம் தொடங்கி, இடது சிறுநீரகத்துக்கு முன்னால் வழிந்து, முதுகெலும்பை ஒட்டிய தசையோரமாக இறங்கி, கவட்டை வழியாக விதைப்பைக்குள் போயிருந்தது. குடல் இறங்கவே இல்லை. இடது நுரையீரலுக்கு அடியிலும் கொஞ்சம் நீர்.

கணையத்துக்குக் கெட்டியான உறை கிடையாது. கசியும் நீரில் செரிமான நொதிகள் இருப்பதால், திசு அடுக்குகளுக்கு நடுவே வழி பிடித்துப் போகும். நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசைத் தடுப்பான உதரவிதானத்தை உணவுக்குழாயும் பெருந்தமனியும் தாண்டும் துளைகள் வழியாக நெஞ்சுக்குள்ளும் ஏறும். மண்ணீரல், கல்லீரல் உறைகளுக்கு அடியிலும் சேரும். கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கிறதென்றால் மழை அங்கே மட்டும் பெய்ததாக அர்த்தமில்லையே, அப்படித்தான்.

அதனால் எந்த டாக்டரிடம் போனாலும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் பழைய ஸ்கேனையும் முதலில் நீட்டுங்கள். விதைப்பையில் திடீரென்று கடுமையான வலி வந்தால் கணையம்தான் காரணம் என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். விரை முறுக்கிக்கொண்டிருந்தால் சில மணி நேரத்துக்குள் பார்த்தாக வேண்டும். காய்ச்சல், மூச்சு வாங்குதல் என்றாலும் உடனே கிளம்புங்கள்.

ஊசி போட்டு நீரை எடுத்துவிடச் சொல்லி டாக்டரை அவசரப்படுத்த வேண்டாம். முதல் 4 வாரங்களில் சேரும் நீர் பெரும்பாலும் தானாகவே வற்றும். தேவையில்லாமல் குத்தினால் கிருமி புகலாம்.

அந்த ஐஸ் பெட்டி தூக்குபவருக்குக் கத்தி வைக்கவில்லை. ஐந்து வாரம் கழித்து வந்தபோது விதைப்பை வீக்கம் முழுக்க வடிந்திருந்தது. கணையத்துக்குப் பக்கத்தில் மட்டும் சின்னதாக ஒரு நீர்க்கட்டி பாக்கி.